மலைப் பல்லும் தரைப் பல்லும்

யாரைப் பார்த்தாலும் நான் முதலில் பல்லைத்தான் பார்ப்பேன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை சிரித்தால் அவர் முகம் என் மனதில் நிற்காது, மேல்வரிசை கொஞ்சம் முன்னே தள்ளியிருப்பது நிற்கும். இது நல்ல பழக்கமில்லை என்று என் அம்மா சாகும்வரை திட்டினாள். என்ன செய்வது, தொழில் அப்படி. வாழ்நாளில் பாதியைப் பிறத்தியார் வாய்க்குள் குனிந்தே கழித்துவிட்டேன்.

பல்லைப் பார்ப்பது தொழில். பல்லைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடுவேன் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேனே, அது தொழிலால் வந்ததில்லை, திமிரால் வந்தது. அந்தத் திமிரால் ஒரு பெண்ணுக்கு ஒரு வருஷம் போயிற்று. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து ஜனங்கள் ரோட்டில் இறங்கியிருந்த வருஷங்கள் அவை. எனக்கு ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நெல், கரும்பு, மேட்டில் கொஞ்சம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. எங்கள் தெருவில் பெண்ணாகப் பிறந்து டாக்டர் படிப்பு வரைக்கும் போனவள் நான் ஒருத்திதான், அதுவும் பல் டாக்டர். "முழு டாக்டருக்குப் படிக்கக் கூடாதா?" என்று இன்றைக்கும் கேட்கிற பெரியப்பாக்கள் எனக்கு உண்டு. என் தம்பி என்னைவிட நன்றாகப் படித்தவன். பன்னிரண்டாவது முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டு எழுதிப் போட்டு அலுத்துப்போய், கடைசியில் மறியலுக்குப் போகிறவர்களோடு சேர்ந்துவிட்டான். வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். எனக்கும் பயம்தான், ஆனால் அவன் கோபம் நியாயமாகவே பட்டது. படிக்காமல் போய் நின்றபோது படிக்கவில்லை என்றார்கள், படித்துவிட்டுப் போய் நின்றால் இடமில்லை என்றார்கள்.

நான் வேலை பார்த்தது கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில். எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை, எழுதினால் ஆட்களைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். எனக்கு ஓர் அறை, ஏற்றி இறக்கினால் முனகுகிற ஒரு நாற்காலி, சுவரில் இரண்டு பலகை. எனக்குப் பாடம் சொல்லித் தந்த பேராசிரியர் ஒருவர், மேற்படிப்புக்கு வரும்போது கையோடு ஓர் ஆய்வு கொண்டு வா என்று சொல்லியிருந்தார். கல்வராயன் மலைமேல் இருக்கிறவர்களின் பல்லும் கீழே சமவெளியில் இருக்கிறவர்களின் பல்லும் எப்படி வேறுபடுகின்றன என்று பார்க்க வேண்டும். மேல்தாடைக்கு அச்செடுத்து, அதில் பிளாஸ்டர் ஊற்றி, வாயில் உள்ளபடியே ஒரு வெள்ளைப் பல்வரிசை செய்து வைக்க வேண்டும். மேல்பலகையில் மலை, கீழ்ப்பலகையில் தரை.

பல் ரொம்பப் பிடிவாதமான சாமான். எலும்பு உடைந்தால் கூடிக்கொள்ளும், தோல் கிழிந்தால் மூடிக்கொள்ளும். பல்லின் மேல்தோடு சின்ன வயதில் ஒரே முறை உருவாகும், அவ்வளவுதான். தேயலாம், சொத்தையாகலாம், திரும்ப வளராது. அதன் வடிவம் பெரும்பாலும் பெற்றவர்கள் கொடுத்தது. கிழக்காசிய ஜனங்களில் நிறையப் பேருக்கு மேல் முன்பற்களின் உள்பக்கம் கரண்டி மாதிரிக் குழிந்து, இரண்டு ஓரமும் வரப்பு கட்டினாற்போல உயர்ந்திருக்கும். ஐரோப்பியர்களுக்கு அது குறைவு. அவர்களில் பலருக்குக் கடைவாய்ப் பல்லின் உள்சுவரில் சின்னதாக ஓர் உபரி மொட்டு துருத்திக்கொண்டிருக்கும். நம் நாட்டில் இரண்டும் உண்டு, கலந்து கிடக்கும். சமைத்துத் தின்னத் தொடங்கிய நாளிலிருந்து மனிதர்களின் தாடை சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது, அதனால்தான் ஞானப்பல்லுக்கு இடம் போதாமல் ராத்திரியெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறோம். சிலருக்கு அது முளைப்பதேயில்லை. இதெல்லாம் கூட்டத்தைப் பற்றிய பேச்சு. நிறையப் பேரை வரிசையில் நிறுத்தி எண்ணினால்தான் இந்தச் சங்கதி தெரியும். தனியாக ஓர் ஆளை நிறுத்தி, இவர் எங்கத்திக்காரர் என்று கேட்டால் பல் பதில் சொல்லாது. என் பாடப்புத்தகத்திலேயே இது இருந்தது. படித்துப் பரீட்சையும் எழுதியிருந்தேன்.

முதல் அச்சைத் தம்பிக்குத்தான் எடுத்தேன். கை பழக ஓர் ஆள் வேண்டுமே. அச்சு மாவைத் தட்டில் குழைத்து வாயில் வைத்ததும் அவனுக்குக் குமட்டிக்கொண்டு வந்து, என் விரலைக் கடித்துவிட்டான். "பல்லு வெளக்கறதே பெருசு, இதுல பொம்ம வேற செய்யறியா?" என்றான். பிளாஸ்டர் பல்லின் அடியில் நீல மசியால் ஒன்று என்று எழுதி, நோட்டிலும் ஒன்றுக்கு நேரே அவன் பெயரையும் ஊரையும் எழுதிக் கீழ்ப்பலகையில் வைத்தேன்.

மலைக்கு நான் போனது மருந்து கொடுக்கிறவர்கள் ஜீப்பில். அங்கே ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, சந்தைக்கும் திருவிழாவுக்கும் வருகிறவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அச்செடுத்தேன். தங்கமான மனிதர்கள். எதற்கு என்று ஒருவருக்கும் சரியாகப் புரியவில்லை, இருந்தாலும் வாயைத் திறந்தார்கள். தாங்கள் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலையேறி வந்த கதையைச் சொல்லுவார்கள். ஒருத்தர் இல்லை, போகிறபோதெல்லாம் யாராவது சொல்லுவார்கள். கீழே இருந்து மேலே போனவர்கள் என்றால் பல்லும் அங்கிருந்துதானே கூடப் போயிருக்கும்? எனக்கு அது உறைக்கவேயில்லை. நான் காதைத் திறந்து வைக்காமல் அவர்கள் வாயைத் திறந்து வைத்திருந்தேன்.

அப்படி வந்தவர்களில் ஒருவரை நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஊர் மலைமேல், பிழைப்பு மலைக்குக் கீழே, மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டும் வேலை. திருவிழாவுக்காக மேலே வந்திருந்தார். முன்பல்லில் ஒரு மூலை உடைந்திருந்தது. கரும்பைக் கடித்தாராம்.

"எம் பல்லு உங்க ரூம்லயே இருக்குமாங்க?" என்று கேட்டார்.

"இருக்கும்."

"அப்ப ஒரு நாளைக்கி வந்து பாத்துக்கினு போறேங்க."

இப்படி இரண்டு பலகையும் நிரம்பின. அதற்குள் ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் ஆயுத பூஜை என்றால் எல்லாவற்றுக்கும் உண்டு. ஊசிக்கு, கத்திரிக்கு, ஸ்ட்ரெச்சருக்கு, ஓடாத ஜீப்புக்கு. நான் ஊருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து அறையைத் திறந்தால், என் பிளாஸ்டர் பற்கள் அத்தனையும் குளித்து முழுகிச் சந்தனமும் குங்குமமுமாக நாற்காலிமேல் குவிந்து உட்கார்ந்திருக்கின்றன. அறையைப் பெருக்கித் துடைக்கிற அம்மாவின் வேலை. பல்லில் வைத்தால் அசிங்கமாக இருக்குமென்று, ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடிப்பக்கத்தில், சரியாக எண்மேல், கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம் அப்பியிருந்தார்.

நான் கத்தினேன். அவர் அசரவில்லை. "கத்திக்கும் பல்லு புடுங்கற கொறடுக்கும் வெச்சாச்சி. இதுங்க மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சி டாக்டரம்மா?" என்றார்.

சந்தனம் காய்ந்து பிளாஸ்டரோடு பிடித்திருந்தது. ஒவ்வொன்றாகச் சுரண்டி, எண்ணைப் பார்த்து, நோட்டோடு ஒப்பிட்டு அடுக்கியிருக்க வேண்டும். யார் செய்வது? இத்தனை பல் பார்த்த எனக்கு எண் எதற்கு? மலைக்காரர்களுக்குத்தான் அந்தக் கரண்டிக் குழி என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன், முன்பல்லில் குழி இருந்தால் மேலே, இல்லாவிட்டால் கீழே. அரைமணி நேரத்தில் அடுக்கிவிட்டேன். எண்ணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுக்கி முடித்து நின்று பார்த்தபோது, சொன்னால் வெட்கக்கேடு, அவ்வளவு பெருமையாக இருந்தது. மேல்பலகையின் நடுவில் ஒன்று இருந்தது. குழி அத்தனை ஆழம், வரப்பு அத்தனை எடுப்பு. மலைப் பல் என்றால் இதுதான் என்று அதைத் தனியாக முன்னால் இழுத்து வைத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து, ஜாதிச் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிற அதிகாரி ஒருவர் கன்னம் வீங்கி வந்தார். ஞானப்பல். எடுத்துவிட்டேன். பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்குப் பொழுது போகட்டும் என்று பலகையைக் காட்டி விளக்கினேன். அந்த முன்னால் இழுத்து வைத்த பல்லை அவர் கையிலேயே கொடுத்து, உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பொய்ச் சான்றிதழ் கேட்டுச் சிபாரிசோடு வருகிறவர்களால் அவர் நொந்துபோயிருந்தார். உண்மையானவனுக்குப் போக வேண்டியதை எவனோ தட்டிக்கொண்டு போகிறானே என்ற கவலை அவருக்கு நிஜமாகவே இருந்தது.

பஞ்சைத் துப்பிவிட்டு, "அப்போ பல்லப் பாத்தே சொல்லிடலாமா டாக்டர்?" என்று கேட்டார்.

"சொல்லிடலாம்" என்றேன்.

ஒரே ஒரு சொல். அதைச் சொன்னபோது எனக்கு வயது இருபத்தெட்டு. என் பேச்சை ஓர் அதிகாரி காதுகொடுத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அது நடந்து ஏழெட்டு மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், அந்த அலுவலகத்துப் பியூன் ஒரு தாளோடு வந்தார். கூடவே பத்தொன்பது வயசுப் பெண் ஒருத்தியும் அவள் அப்பாவும். மலைவாசி என்று சான்றிதழ் கேட்டிருக்கிறாள், பல்லைப் பரிசோதித்துக் கருத்துத் தெரிவிக்கவும் என்று தாளில் எழுதியிருந்தது. விஷயம் இதுதான். பெண் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்புத் தோட்டத்துக் குடிசையில் பிறந்தவள், அங்கேயே பள்ளிக்கூடம் போனவள், பேச்சும் கீழ்நாட்டுப் பேச்சு. அப்பா மலைமேல் பிறந்ததற்குக் காகிதம் ஏதும் இல்லை. கிராம நர்ஸ் பயிற்சிக்கு அவளுக்கு அழைப்பு வந்திருந்தது. திங்கட்கிழமை நேர்காணல். அன்றைக்குச் சான்றிதழைக் காட்டாவிட்டால் இடம் போய்விடும்.

நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தேன். முன்பல் தட்டையாக, தகடு மாதிரி இருந்தது. கடைவாயில் அந்த உபரி மொட்டுகூட இருந்தது. மலைப் பல்லே இல்லை. மலைவாசிகளிடம் காணப்படும் அடையாளங்கள் இவரிடம் காணப்படவில்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்துப் பியூனிடம் கொடுத்தேன். அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

"பல்லுல இன்னாங்க பாத்தீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"உள்பக்கம் குழி இருக்கான்னு பாத்தேம்மா. உனக்கு இல்ல."

அவள் நாக்கால் தன் முன்பல்லின் பின்னால் தடவிப் பார்ப்பது கன்னத்தின் அசைவில் தெரிந்தது. "குழி இருந்திருந்தா நான் மலைக்காரிங்களா?" என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் வெளியே பார்த்து, "அடுத்தது யாரு?" என்றேன். இதை நினைக்கும்போதெல்லாம் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

அவள் அப்பா இதையெல்லாம் கவனிக்கவில்லை. பலகைகளுக்கு முன்னால் நின்று ஒவ்வொரு பல்லாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "மலயில எம் பல்லு எடுத்தீங்களே டாக்டரம்மா, ஞாபகம் இருக்குதுங்களா? பாத்துக்கினு போறேன்னு சொன்னேன்" என்றார். அப்புறம் கீழ்ப்பலகையைக் காட்டி, "இந்தாங்க. இது நாந்தான்" என்றார்.

"அது தரைப் பல்லுங்க. உங்களுது மேல இருக்கும்."

அவர் வாதாடவில்லை. அதைக் கையில் எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாயை அகலமாகத் திறந்து காட்டினார். பிளாஸ்டரிலும் அதே பல், அதே மூலை, அதே சாய்வாக உடைந்திருந்தது.

கத்தியை எடுத்து அடியிலிருந்த சந்தனத்தைச் சுரண்டினேன். எண் தெரிந்தது. நோட்டைப் புரட்டினேன். மலை. என் கையாலேயே எழுதியிருந்தேன், ஊர்ப் பெயரோடு. மலையில் பிறந்து வளர்ந்த மனிதர், அவர் முன்பல்லும் மகளுடையதைப் போலவே தகடாக இருந்தது. அவரை நான்தான் கீழே இறக்கி வைத்திருந்தேன்.

அந்த நிமிஷமே செருப்பை மாட்டிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். அலுவலகம் நடந்து போகிற தூரம்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "நீங்க போங்க, நான் பாத்து அதிகாரிகிட்ட சொல்றேன்" என்று இருவரையும் அனுப்பிவிட்டு, காத்திருந்த நோயாளிகளை முடித்து அனுப்பி, கதவைச் சாத்திக்கொண்டு, எல்லாவற்றின் சந்தனத்தையும் சுரண்ட உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணின் கதி என்ன என்று அல்ல, என் ஆய்வின் கதி என்ன என்று பார்க்க. இது ஒன்று மட்டும் தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஒன்று இல்லை. மேல்பலகையில் பாதிக்குப் பாதி தரை, கீழ்ப்பலகையில் பாதிக்குப் பாதி மலை. காசைச் சுண்டிப் போட்டு அடுக்கியிருந்தாலும் இப்படித்தான் வந்திருக்கும். ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள் இரண்டு பலகையிலும் இருந்தார்கள். கடைசியில் அந்த நடு மலைப் பல்லை எடுத்தேன், அதிகாரி கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னேனே, அதை. சந்தனம் உதிர்ந்ததும் அடியில் எண் ஒன்று என்று இருந்தது. நோட்டைப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. என் விரலைக் கடித்த பல்.

சாயங்காலம் வரை அளவுகோலை வைத்துக்கொண்டு, வேறு ஏதாவது ஓர் அளவில் மலையும் தரையும் பிரிகின்றனவா என்று பார்த்தேன். பிரியவில்லை. நாளைக்கு முதல் வேலையாகப் போய்ச் சொல்லிவிடலாம் என்று வீட்டுக்குப் போனேன்.

விடிந்தபோது ரோட்டில் மரங்கள் கிடந்தன. இரண்டு பக்கமும் புளியமரங்கள், குறுக்கே வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, ஜனநடமாட்டம் இல்லை. அலுவலகம் பூட்டியிருந்தது. அதிகாரி மறியல் நடக்கிற இடத்தில் நிற்கிறார் என்று வாட்ச்மேன் சொன்னார். தம்பியின் பல்லைப் பஞ்சில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, நான் எழுதிய கருத்து தவறு, பல்லை வைத்து ஓர் ஆள் இன்னார் என்று சொல்ல முடியாது என்று எழுதிய தாளையும் எடுத்துக்கொண்டு நடந்தேன். மொத்தம் இரண்டு மைல். மரங்களைத் தாண்டிப் புடவையில் ஏறி இறங்குவதற்குள் முழங்கால் சிராய்த்துவிட்டது.

ஒரு பெரிய மரத்துக்கு இந்தப் பக்கம் ஜீப், போலீஸ், அதிகாரி. அந்தப் பக்கம் எங்கள் ஜனம். அதில் தம்பி. என்னைப் பார்த்ததும் மரத்தைத் தாண்டி வந்துவிட்டான். "இங்க எதுக்குக்கா வந்த?"

"வாயத் தெற" என்றேன்.

"இங்கயா?"

"தெறடா."

அவ்வளவு பேருக்கு முன்னால் வாயைத் திறந்தான். நான் பல்லை எடுத்து அதிகாரியிடம் நீட்டினேன். "நீங்க தடவிப் பாத்த மலைப் பல் இதுதான் சார். இவன் எந்தம்பி. இவன் மலையப் பாத்ததே சினிமாவுலதான். அந்தப் பொண்ணு விஷயத்துல நான் எழுதுனது தப்பு."

அதிகாரி பிளாஸ்டரைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், என் தாளைப் படித்தார். முகம் விழுந்துவிட்டது. "நேத்தே தள்ளுபடின்னு எழுதி அனுப்பிட்டேனே டாக்டர். மாத்தணும்னா ஃபைல் வேணும், ஃபாரம் வேணும், சீல் வேணும். எல்லாம் உள்ள இருக்கு. சாவி வெச்சிருக்கற கிளார்க் மணலூர்ப்பேட்டைக்குப் போயிருக்கார், அவர் எப்படி வருவார்?" தாளை மடித்துக்கொண்டே, "நேத்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் நான் அங்கதானே இருந்தேன்" என்றார். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. சுடுவதற்கு எனக்கு அது போதுமானதாக இருந்தது.

தம்பிக்கு விஷயத்தைச் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "சந்தையில மாட்டத்தான் பல்லு புடிச்சி பாப்பாங்க. ஒரு பொண்ண உக்கார வெச்சிப் பாத்தியாக்கா நீ?" என்றான். "அது எங்க ஆளு இல்லதான். அதுக்கு வரவேண்டியத நாங்க கேக்கல. எங்களுக்கு வரவேண்டியதத்தான் கேக்கறோம். எங்களயும் பல்லக் காட்டுன்னா நாங்க காட்டுவமா?"

கோபமாகப் பேசிவிட்டு, அவனே ஒரு சைக்கிளைத் தோளில் தூக்கி மரங்களைத் தாண்டவைத்து மணலூர்ப்பேட்டைக்குக் கிளம்பினான். அவன் போய், கிளார்க்கைத் தேடி, அவர் பயந்து, சமாதானப்படுத்தி அழைத்து வந்தபோது செவ்வாய்க்கிழமை மத்தியானம். அதிகாரி பத்து நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டார். மலையூரில் பெரியவர்களிடம் விசாரித்து அவர் அலுவலகத்து ஆள் ஒருவர் வாங்கிய வாக்குமூலம் ஃபைலிலேயே இருந்ததாம். அது போதுமென்றுதான் முதலில் நினைத்தாராம். இன்னும் கெட்டியாக இருக்கட்டுமே என்று என் பல் ஆராய்ச்சியைக் கேட்டாராம்.

சான்றிதழை நானே எடுத்துக்கொண்டு, அன்றைக்குத்தான் மறுபடி ஓடத் தொடங்கியிருந்த பஸ்ஸில் மூங்கில்துறைப்பட்டுக்குப் போனேன். வெட்டிய கரும்பில் காய்ந்த சோகைத் தாளை உரித்துக்கொண்டிருந்தாள். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கி, முழுக்கப் படித்தாள். "நேத்தே முடிஞ்சிபோச்சிங்களே" என்றாள். நேர்காணலுக்கு நடந்தே போய், சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு, நடந்தே திரும்பியிருக்கிறாள். தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி கரும்பிடம் போய்விட்டாள். அவள் அப்பாதான் எனக்கு ஒரு துண்டுக் கரும்பு வெட்டிக் கொடுத்து, பஸ் வரும் இடம் வரைக்கும் கூட வந்தார்.

அடுத்த வருஷம் அவளுக்கு இடம் கிடைத்தது. நான் ஆய்வைத் தலைகீழாகத் திருப்பி எழுதினேன். ஒரே வீட்டுக்குள் இருக்கிற வித்தியாசமே மலைக்கும் தரைக்கும் இருப்பதைவிட ஜாஸ்தி என்று. பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் பாஸ் போட்டார்.

அப்புறம் பல வருஷம் கழித்து, கள்ளக்குறிச்சியில் நான் சொந்தமாகக் கிளினிக் வைத்திருந்தபோது, கிராம நர்ஸ் உடுப்பில் ஒரு பெண் தன் அப்பாவை அழைத்துக்கொண்டு வந்தாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. எனக்கு முகம் ஞாபகம் இருப்பது அபூர்வம். அப்பாவுக்கு மேல்வரிசை முழுக்கப் போயிருந்தது, பல் செட்டுக் கட்ட வேண்டும். நான் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழைய துணிக்கு அடியிலிருந்து அவருடைய பிளாஸ்டர் பல்லை எடுத்து வந்தேன். அடியில் சந்தனக் கறை இன்னும் மஞ்சளாக இருந்தது. அவர் அதை வாங்கிப் பார்த்து, பல்லில்லாத வாயால் சிரித்தார்.

"இதப் பாத்து அதே மாதிரி வெச்சித் தர்றேன். அந்த ஒடஞ்ச மூல மட்டும் வேணாம், இல்லீங்களா? முழுசாவே வெச்சிடறேன்" என்றேன்.

"அது இருக்கட்டுங்க. அத வெச்சிதானே எம் பல்ல நானே கண்டு புடிச்சேன்" என்றார்.

மெழுகில் பல் பதித்து வாயில் வைத்துப் பார்க்கிற நாளன்று, அவர் வெளியே கண்ணாடியில் முகம் பார்க்கப் போன நேரத்தில், நான் அவளிடம் சொன்னேன். "அந்த வெள்ளிக்கெழம எனக்கு மத்தியானமே தெரிஞ்சிபோச்சிம்மா. அன்னிக்கே போயிருந்தா ஒனக்குக் கெடச்சிருக்கும். நான் போகல. என்ன மன்னிச்சிடு."

"எனக்கு அதுல ஒண்ணும் இல்லீங்க. ஒரு வருசம் கரும்பு வெட்டினேன், அவ்ளோதான்" என்றாள். "ஆனா நான் ஒரு வருசம் முன்னாடி வேலைக்கிப் போயிருந்தா, அப்பா ஒரு வருசம் முன்னாடி கத்தியக் கீழ வெச்சிருப்பாரு. அந்தக் கடைசி வருசத்துலதாங்க அவுரு இடுப்பு போச்சி."

அவர் குனிந்து நடந்து வந்ததை நான் பார்த்திருந்தேன். வயசு என்று நினைத்திருந்தேன்.

"செட்ட நல்லா கெட்டியா கட்டுங்க" என்றாள் அவள். "அப்பாவுக்கு மல்லாட்ட புடிக்கும்."

அவர்கள் போனதும், அராவுகிற கல்லை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழைய பிளாஸ்டரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து, புதுப் பல்லின் மூலையை அதே சாய்வில் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்தேன்.